எட்டுக் கடைகள் விட்டுக்கொடுத்த இரண்டடி

கொழும்பில், கல்கிசையைத் தாண்டி இரத்மலானைக்குப் போகிற காலி வீதியில் ஒரு ஆமிச் செக்பொயின்ற். பஸ்ஸை நிற்பாட்டி எல்லாரையும் இறக்கினார்கள். ஐ.சி.யை, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, மறுபக்கம் போய் அதே பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். அன்றைக்கு வரிசை அசையவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து இரும்புக்கடைக்காரர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்:

"தங்கச்சி, வெயிலுக்கை நிக்காதேங்கோ. உள்ளுக்கு வந்து தண்ணி குடியுங்கோ."

உள்ளே போனேன். காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். அதற்கு அப்பால் ஒரு பெரிய வெறுங்காணி. முந்தி பலகை விற்ற மரக்காலை ஒன்றின் உக்கிப்போன கொட்டகை, இடுப்பளவு புல், அவ்வளவுதான். திரும்பிக் கடைச் சுவரைப் பார்த்தேன். கூரையிலிருந்து நிலம் வரைக்கும் சிவப்பு மையால் ஒரு கோடு.

"இதென்ன அண்ணை?"

"றோட்டை அகலிக்கப் போகினமாம். இந்தக் கோடு வரைக்கும் இடிப்பினம். கோட்டுக்குப் பின்னாலை எனக்கு மிஞ்சுறது நாலடி. நாலடிக்கை நானும் என்ரை ஏணியளும் நிண்டு கொள்ளலாம்."

சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த நிமிடம் என் கண் கோட்டிலிருந்து பின்கதவுக்கும் பின்கதவிலிருந்து கோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கடைகள் போனால் றோட்டுக்கு முகம் காட்டப்போவது எது? அந்தப் புல்லுக்காணி! இந்தக் கடைகள் அழியத் தேவையில்லை, நாற்பதடி பின்னுக்கு நகர்ந்தால் போதும்.

ஒரு சீமெந்துப் பையைக் கிழித்து அதில் கீறிக் காட்டினேன். அவர் பார்த்தார். பக்கத்துப் புடவைக்கடையிலிருந்து, நானா என்று எல்லாரும் அழைக்கிற முஸ்லிம் முதலாளியைக் கூப்பிட்டார். நானா அடுத்த மருந்துக்கடை முதலாளியைக் கூப்பிட்டார். என் பஸ் போய்விட்டது.

இதை உங்கள் நாலு பேருக்கும் எழுதுகிறேன். போன மாதம்தான் கட்டடப் பிளான் கீறுகிற எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பணி அனுபவம் எழுதத் தலை நரைக்க வேண்டும் என்பார்கள். நான் வந்து நாலு வருசம்தான். ஆனால் நரைக்கும்வரை காத்திருந்தால் செய்த பிழைகளுக்கு நானே வெள்ளையடித்துவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

காணிக்காரரோடு கதைத்தது, ஒப்பந்தம் எழுதினது, நில அளவை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவை ஃபைலில் இருக்கின்றன. ஃபைலில் இல்லாததைச் சொல்கிறேன்.

பழைய வரிசையில் கீழே எட்டுக் கடைகள். மேலே, ஆடுகிற மரப்படி ஏறிப் போனால் நாலு சின்ன அறைகள். ஒன்றில் குசுமா அக்கா சாரிச் சட்டை தைக்கிறா. மற்றவற்றில் ஒரு மணிக்கூடு திருத்துகிறவர், ஒரு தட்டெழுத்து வகுப்பு, பல்லுக் கட்டுகிற ஒருவர். மொத்தம் பன்னிரண்டு பேர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து. றோட்டு வேலை அந்த இடத்துக்கு வருவதற்கு முதல் புதிய கட்டடத்துக்கு அனுமதி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பன்னிரண்டு பேரும் தெருவில்.

நான் மூன்று தளம் போட்டேன். கீழே எட்டுக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டடி முகப்பு. முதலாம் மாடியில் அவர்களுடைய சாமான் அறைகள். இரண்டாம் மாடியில் ஒரு நடை, அதன் இருபக்கமும் சின்னச் சின்ன அறைகள், கோடியில் பொதுக் குளியலறை. நாலு அறை மேல்மாடிக்காரருக்கு, மிச்சம் புதிதாக வருகிறவர்களுக்கு. கீறி முடித்தபோது எனக்கு அது மிக அழகாக இருந்தது. ஒரு நல்ல பிளானைப் பார்த்தால் எனக்குப் பசிக்காது. அன்றைக்குப் பகல் சாப்பிடவில்லை.

பிறகு அறிவித்தல் ஒட்ட வேண்டி வந்தது. என்ன கட்டப்போகிறோம் என்று அயலவர் அறிய காணியில் ஒட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் அலுவலகத்தை நடத்துகிற சேரிடம் எங்கே ஒட்டுவது என்று கேட்டேன்.

"ஒட்ட வேணும் எண்டுதான் இருக்கு பிள்ளை. வாசிக்க வைக்க வேணும் எண்டில்லை. அனுமதி விண்ணப்பத்திலை முதல் பேரே தமிழ்ப்பேர். ஏன் வீணாக் கண்ணிலை குத்துவான்?"

சேரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய முதல் அலுவலகத்துக்கு மூன்று மொழியிலும் பெரிய பெயர்ப்பலகை இருந்தது. கலவரத்தில் தமிழரைத் தேடி வந்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார்கள். நம்முடைய அலுவலகத்துக்கு ஏன் பலகையே இல்லை என்று நீங்கள் வந்த முதல் நாள் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

எனக்கும் அதே பழக்கம்தான். பஸ்ஸில் அம்மாவோடு கதைக்கும்போது வாய்க்குள்ளேயே கதைப்பேன். தொலைபேசியில் "ஹலோ"வுக்குப் பிறகு யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தமிழ் வரும். அதே கையால் அறிவித்தலைக் கொண்டுபோய் படலைத் தூணின் உட்பக்கத்தில், வேலி மரத்தின் மறைவில், முழங்கால் உயரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். விதிப்படி சரி. சத்தமில்லாமல் வேலை முடித்துவிட்டேன் என்று சந்தோசம் வேறு.

அனுமதியைத் தீர்மானிக்கிற மாநகரசபைக் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சபையிலிருந்து கடிதம் வந்தது. எப்படியோ விசயம் அறிந்து, காணிக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கையிலுள்ள பதினேழு வீட்டுக்காரரும் எதிர்ப்புக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். காரணம் ஒரே வரி: மேல்மாடியில் இரகசியமாக லொட்ஜ் நடத்தத் திட்டம்.

லொட்ஜ்! கொட்டாஞ்சேனையிலும் எங்கள் வெள்ளவத்தையிலும் வடக்கிலிருந்து வந்து வீசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் தங்குகிற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது ஆமியின் சுற்றிவளைப்பு வரும் என்று உடுப்போடு படுக்கிற அறைகள். என் பிளானை மேசையில் விரித்து, அந்த ஒழுங்கைக்காரரின் கண்ணால் முதல்முறை பார்த்தேன். நடை. இருபக்கமும் பத்துக்குப் பத்து அறைகள். கோடியில் பொதுக் குளியலறை. அது லொட்ஜ்தான். வேறு என்ன?

"விளக்கக் கடிதம் ஒண்டு எழுதிப்போட்டுப் பேசாமல் இருப்பம்" என்றார் சேர். "அங்கை போய்க் கதைச்சு இருக்கிறதையும் கெடுக்காதை."

நான் போனேன். அடுத்த நாள் பின்னேரம், பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு. எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து வைத்தவரின் வீடு ஒழுங்கையின் நடுவில். ரயில்வேயில் இருந்து இளைப்பாறினவர். பெயர் வேண்டாம், சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி மாத்தயா என்றே சொல்கிறேன். படலையைத் திறக்காமல், அதற்கு மேலால் பார்த்துக் கதைத்தார். கதை சிங்களத்தில்.

"அறிவித்தல் ஒட்டினது நீங்களா, மிஸ்?"

"ஓம்."

"நல்ல வேலை. இந்த ஒழுங்கையில் அதை வாசிக்கக்கூடிய உயரத்தில் இருப்பது என்னுடைய நாய் மட்டும்தான். அது வாசித்துவிட்டு எங்களுக்குச் சொல்லவில்லை."

 பிளானை விரித்தேன், தையல் அறை, தட்டெழுத்து வகுப்பு என்று விரலால் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை.

"நல்ல விசயமென்றால் ஏன் ஒளித்து ஒட்டினீர்கள்?"

பயத்தில் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

"கேளுங்கோ மிஸ்," என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜ் இருந்தது. அதைச் சுற்றிவளைத்த அன்றைக்கு எங்கள் வீடுகளையும் விடவில்லை. விடியக்காலை என் மனுசி இரவுச்சட்டையோடு றோட்டில் ஒரு மணித்தியாலம் நின்றாள். அவளுக்கு முழங்கால் ஏலாது. திரும்ப அது நடக்க நான் விடமாட்டேன். நீங்கள் எந்த ஆட்கள் என்பது எனக்குப் பிரச்சினையில்லை. அறைகள்தான் பிரச்சினை."

நான் திரும்பி வந்தேன். அவரை மாற்ற முடியவில்லை. ஆனால் ஒன்று மாறிவிட்டது: அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு முதல் எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது மட்டும்தான்.

கூட்டத்து நாள். சபைக் கட்டடத்தின் மண்டபம். ஒரு பக்கம் நானும் சேரும், பின்னால் எங்கள் பன்னிரண்டு பேரும். மறுபக்கம் மாத்தயாவும் ஒழுங்கைக்காரரும். குழுத் தலைவர் பிளானைப் புரட்டினார், எதிர்ப்பு மனுவைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டாம் மாடியை எடுத்துவிடுங்கோ. இன்றைக்கே அனுமதி தாறன். இல்லையென்றால் விசாரணை, பாதுகாப்பு அமைச்சின் அபிப்பிராயம், எல்லாம் போய் வர வேண்டும். எவ்வளவு காலம் என்று நான் சொல்ல மாட்டேன்."

சேர் என் காதுக்குள் சொன்னார்: "எடு பிள்ளை. எடுத்துக்கொண்டு ஓடுவம்."

எடுத்தால் எட்டுப் பேர் தப்புவார்கள். மேலே இருக்கிற நாலு பேர் போவார்கள். எடுக்காவிட்டால் றோட்டு வேலை வந்துவிடும், பன்னிரண்டு பேரும் போவார்கள். திரும்பிப் பார்த்தேன். குசுமா அக்காவுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவ என்னைப் பார்க்காமல் கைப்பையின் பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தா.

எழும்பித் தலைவரிடம் கேட்டேன். "சேர், அடுத்த ஃபைல் முடியுமட்டும் நேரம் தாங்கோ. மாற்றின பிளானோடு வாறன்."

"அடுத்தது ஒரு மதில் தகராறு. இருபது நிமிசம்" என்றார் தலைவர்.

எங்கள் ஆட்கள் எல்லாரையும் வெளி விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். யன்னல் விளிம்பில் தாளை வைத்தேன். எட்டுக் கடை, தலைக்குப் பன்னிரண்டடி, தொண்ணூற்றாறு அடி. கூட்டவோ நீட்டவோ வழியில்லை.

"ஆளுக்கு ரெண்டடி முகப்பு தாங்கோ" என்றேன். "பதினாறடி வரும். அதிலை ஆறடி நடைபாதை, அதுக்குப் பக்கத்திலை பத்தடிக்குப் பத்தடியா நாலு அறை, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. மேல்மாடிக்காரர் நாலு பேரும் கீழை வருவினம்."

ஒரு வியாபாரியிடம் முகப்பில் இரண்டடி கேட்பது என்ன என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. உள்ளே இருபதடி கேளுங்கள், தருவார். றோட்டைப் பார்க்கிற பக்கத்தில் ஒரு சாண் இடத்தைத் தொட்டாலும் கத்துவார்.

"தங்கச்சி, அண்டைக்கு உங்களுக்குத் தண்ணி தந்தது என்ரை பிழை" என்றார் இரும்புக்கடை அண்ணை.

நானா கையை விரித்தார். "மிஸ், என்ட கடை வாசல்ல ரெண்டு பொம்ம நிக்கிது, சாரி உடுத்தி. பத்தடியில எங்க நிப்பாட்டுற? ஒண்டுக்கு மேல ஒண்டு ஏத்தவா?"

"ஒரு பொம்மையை என்னட்டைத் தா நானா" என்றார் அண்ணை. "ஏணியிலை ஏத்தி விடுறன். ரெண்டு பேருக்கும் வியாபாரம்."

சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. உள்ளே மதில் தகராறுக்காரர் உரத்துக் கத்துவது கேட்டது. நேரம் ஓடியது. அப்போதுதான் மருந்துக்கடை முதலாளி, அதுவரை வாய் திறக்காத மனுசன், சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்:

"அந்த நடைபாதை யாருடைய கடைக்குப் பக்கத்தால் போகிறது?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "இல்லை, குசுமாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தட்டெழுத்து வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் தெரியும். பல்லுக் கட்ட வருகிறவன் கட்டாயம் தலையிடிக் குளிசை கேட்பான். பாதை என் கடைக்குப் பக்கத்தால் போனால், இரண்டடி தருகிறேன்."

"அதென்ன உம்மடை கடைக்குப் பக்கத்தாலை?" அண்ணை பாய்ந்தார். "காணியைக் கண்டுபிடிச்சது என்ரை பின்கதவாலை!"

"பொம்பளையள் வாறது சட்ட தைக்க. சட்டத் துணி ஆர்ட கடையில? என்ட கடையில" என்றார் நானா.

அரை நிமிடத்துக்கு முதல் தரமாட்டோம் என்றவர்கள் இப்போது பாதைக்காக அடிபட்டார்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களை அடிபட விட்டிருந்தால் இருபது நிமிடமும் போயிருக்கும். நான் தாளில் நாலாவது கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் நடுவில் பென்சிலை அழுத்திக் கோடு போட்டேன்.

"நடுவாலை. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஆருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சம்மதமெண்டால் இதிலை கையெழுத்து வையுங்கோ."

முதலில் வைத்தவர் மருந்துக்கடை முதலாளி. பிறகு நானா. அண்ணை கடைசியாக வைத்தார், "என்ரை ஏணியளை இனிப் படுக்க வைக்க வேணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு.

குசுமா அக்கா என் தோளைத் தொட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டா. "நங்கி, எனக்குப் பத்தடி பெரிய இடம். ஆனால் நடுவுக்குள் இருட்டாக இருக்குமே. ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேண்டும்."

சரியான கேள்வி, அதை நான் யோசிக்கவே இல்லை. பாதைக்கு மேலே மாடி போகாமல் அழித்தேன். ஆறடி அகலத்துக்கு, கீழிருந்து வானம் வரை திறந்து விட்டேன். மேலே சாமான் அறைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பாலம். முடிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அழிறப்பர்த் தூள் ஒட்டின தாளைத் தலைவருக்கு முன்னால் வைத்து விளங்கப்படுத்தினேன். இரண்டாம் மாடி இல்லை. அறைகள் எல்லாம் கீழே, எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால். தலைவர் மறுபக்கம் திரும்பி, ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மாத்தயா எழும்பி முன்னுக்கு வந்து, அந்தத் தாளுக்கு மேல் குனிந்தார். முதல்முறையாக என் பிளானைப் பார்த்தார்.

"இந்தப் பாதை எங்கே முடிகிறது?"

"உங்கட ஒழுங்கையில், மாத்தயா."

"அப்ப காலி வீதிக்கு நாங்கள் இதால் போகலாமா?"

"போகலாம்."

அந்த ஒழுங்கைக்காரர் பஸ் எடுக்க இதுவரை முழு வட்டம் சுற்றித்தான் போனார்கள். பின் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. மாத்தயா நிமிரவில்லை.

"எத்தனை மணிக்குப் பாதையைப் பூட்டுவீர்கள்?"

"இரவு எட்டுக்கு."

"பூட்டின் திறப்பு யாரிடம்?"

இதைப் பற்றி யாரோடும் நான் கதைத்திருக்கவில்லை. சேரைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பேன்.

"ரெண்டு திறப்பு. ஒண்டு கடைக்காரரிட்ட. மற்றது உங்களிட்ட."

சேர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஆனால் தலைவர் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார். அனுமதிக் கடிதத்தில் அது மூன்றாவது நிபந்தனையாக இன்னும் இருக்கிறது, ஃபைலில் பாருங்கள். மாத்தயா எதிர்ப்பை வாபஸ் வாங்கவில்லை. அவர் சொன்னது: "எட்டு என்று எழுதுங்கோ. எட்டரை இல்லை." அவ்வளவுதான். அனுமதி கிடைத்தது, பன்னிரண்டு பேருக்கும்.

வெளியே வந்து நானும் சேரும் பாலில்லாத பிளேன்டி குடித்தோம். கோப்பையை வைத்துவிட்டுச் சேர் சொன்னார்: "பிள்ளை, நான் உன்ரை வயசிலை எண்டால் நீ செய்ததைத்தான் செய்திருப்பன். அதுக்குப் பிறகு நடந்ததாலைதான் இப்ப செய்யிறதில்லை."  அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் உங்களுக்குச் சொல்லுவேன். அன்றைக்கு நான் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் பிளானை மாற்றினதாகக் கதை பரவியது. பொய்யான புகழ் அது. கீறத் தொடங்குவதற்கு முதல் ஒரு பின்னேரம் அந்த ஒழுங்கையில் நடந்திருந்தால் அந்தப் பாதை முதல் நாளே வந்திருக்கும், லொட்ஜ் என்ற பேச்சே எழும்பியிருக்காது, இரண்டாம் மாடியும் மிஞ்சியிருக்கும். ஒளித்தால் காப்பாற்றலாம் என்று நாங்கள் பழகிவிட்டோம். வீட்டில், பஸ்ஸில் அது எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அது செல்லாது. ஒரு கட்டடத்தை வேலி மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியாது.

இப்போது தூண்கள் எழும்பி நிற்கின்றன. அவற்றை இன்னொரு மாடி தாங்குகிற மாதிரித்தான் போட்டிருக்கிறோம். அதை மறைக்கவில்லை, பிளானிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பறிபோன இரண்டாம் மாடிக்கு அடுத்த மாதம் புது விண்ணப்பம் போடப்போகிறேன். தட்டெழுத்து வகுப்புக்கு இப்போதே இடம் காணாது, இன்னும் ஆறு பேர் இடம் கேட்டு வந்துவிட்டார்கள். சேர் சம்மதிக்க ஒரு கிழமை எடுத்தார். "உன்ரை கையெழுத்திலை போடு" என்றார், கடைசியில். போடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் நாலு பேரும் என்னோடு அந்த ஒழுங்கைக்கு வருகிறீர்கள். பதினேழு வீடு. பிளான் கொண்டுபோகப் போவதில்லை, வெறுந்தாள்தான். மேலே என்ன இருந்தால் நீங்கள் பயமில்லாமல் நித்திரை கொள்ளுவீர்கள் என்று ஒவ்வொரு படலையிலும் கேட்கப்போகிறோம், சொல்வதைக் கீறப்போகிறோம். முதல் வீடு மாத்தயாவுடையது. அவர் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் தொடங்குவார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு நில்லுங்கள், படலையை விட்டு அசைய வேண்டாம். அதற்குப் பிறகு அவர் சொல்லும் இரண்டாவது வசனத்தை நான் கேட்க வேண்டும்.